சேறு மணக்காத குளத்து மீன்: வன்னிச் சாப்பாடு பற்றிய கேள்வி பதில்

வட இலங்கையில் இருக்கிற எங்கள் வன்னிச் சமையல் பற்றி என்னவும் கேளுங்கள் என்றிருந்தேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் கீழே.

அக்கா, ஜப்பான் மீன் (திலாப்பியா) சேறு மணக்குது என்று யாழ்ப்பாணத்து மருமகன் தொடுகிறாரில்லை. என்ன செய்யலாம்?

மீனின் வயிற்றைக் கீறினால் உள்ளே கறுப்பாய் ஒரு சவ்வு ஒட்டியிருக்கும். கத்தி நுனியால் அதை முழுதாகச் சுரண்டி எடுங்கள். பலர் விடுகிற பிழை இங்கேதான். பிறகு உப்பும் பழப்புளியும் போட்டுப் பிசறி, கால் மணித்தியாலம் வைத்துக் கழுவுங்கள். மண்சட்டியில் வெந்தயம், கறிவேப்பிலை தாளித்து, புளியைக் கொஞ்சம் கெட்டியாகக் கரைத்து விட்டு, மீன் அவிந்த பிறகு தேங்காய் முதற்பால் சேர்த்து உடனே இறக்குங்கள். அன்றைக்கே கொடுக்காதீர்கள், அடுத்தநாள் காலை புட்டோடு வையுங்கள். மருமகன் கேட்டு வாங்குவார்.

பெயர்தான் ஜப்பான், ஊர் ஆபிரிக்கா. 1952இல் இலங்கைக் குளங்களுக்குக் கொண்டுவந்தார்கள். கடல் எட்டத்தில் இருக்கிற அக்கராயன், முத்தையன்கட்டுப் பக்கத்துச் சனங்களின் சட்டியை நிரப்பியது இந்த மீன். அதைக் குறைவாகப் பேசினால் எனக்குக் கோபம் வரும்.

பிள்ளைகள் கொத்து, பிரைட் ரைஸ் என்று நிற்கிறார்கள். குரக்கன் (கேழ்வரகு) இனி அவ்வளவுதானா?

இல்லை. வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவில் ஊர்ச் சாப்பாடு விற்கிற அம்மாச்சி உணவகங்களில் போய்ப் பாருங்கள். பெண்கள் கண்முன்னே சுட்டுத் தருகிறார்கள், இளசுகளும் வரிசையில் நிற்கிறார்கள். வீட்டில் குரக்கன் புட்டுக் குழைக்கும்போது கொதிநீர் வேண்டாம், கட்டிபடும். ஆறின உப்புத் தண்ணீரைத் தெளித்துத் தெளித்துக் குழையுங்கள். தேங்காய்ப்பூவைக் கணக்குப் பார்க்காமல் போடுங்கள்.

முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கல் எப்போது?

வைகாசி விசாகத்தை ஒட்டிய திங்கட்கிழமை. கடல்நீரில் விளக்கெரிகிற கோயில், கட்டாயம் வாருங்கள். ஏ9 வீதியால் வந்தால் முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, சுடச்சுட வறுத்த கச்சானும் (நிலக்கடலை) வாங்குங்கள்.

பாலைப்பழம் தின்றால் உதடு ஒட்டுகிறதே?

முதலே உதட்டில் தேங்காயெண்ணெய் பூசுங்கள். பழம் மிஞ்சினால் பிழிந்து காய்ச்சிப் பாணியாக்கலாம்.

வெளிநாட்டில் மே 18இல் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சுகிறோம். தேங்காய்ப்பால் விடலாமா?

தம்பி, விடவேண்டாம். 2009இல் போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் நாங்கள் வரிசையில் நின்று வாங்கியது அரிசி, தண்ணீர், உப்பு மட்டும். அரிசியைத் தேடித்தான் குடிக்கவேண்டும், அவ்வளவு தண்ணீர். அப்படியே காய்ச்சுங்கள். கிடைத்தால் சிரட்டையில் ஊற்றிக் கொடுங்கள். சின்னப் பிள்ளைகள் ருசியில்லை என்பார்கள். அப்போது பக்கத்தில் இருந்து, ஏன் இப்படி என்று சொல்லுங்கள். பால்கஞ்சியை வேறொரு நாள் காய்ச்சிக் கொடுக்கலாம்.