சைன் செய்தீர்கள் சரி, டைம்ஸ்டாம்ப் எங்கே?

விண்டோஸ் மென்பொருளுக்கு டிஜிட்டல் கையெழுத்துப் போடுவது, அதாவது சைன் செய்வது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

இணையதளத்துக்கு வாங்கிய எஸ்எஸ்எல் சான்றிதழை வைத்தே இன்ஸ்டாலரையும் சைன் செய்யலாமா?

முடியாது. அது சர்வரை அடையாளம் காட்டக் கொடுத்தது. மென்பொருளை வெளியிட்டது யார் என்று காட்டும் கோட் சைனிங் சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும்.

கோட் சைனிங் சான்றிதழில் ஓவி (நிறுவனத்தைச் சரிபார்த்துத் தருவது) வாங்கலாமா, இவி (இன்னும் கடுமையாகச் சரிபார்த்துத் தருவது) வாங்கலாமா? இவி என்றால், தெரியாத மென்பொருளைத் திறக்கும்போது விண்டோஸ் காட்டும் ஸ்மார்ட்ஸ்கிரீன் எச்சரிக்கையே வராதாமே?

முன்பு வராது. 2024-இல் மைக்ரோசாஃப்ட் அந்தச் சலுகையை எடுத்துவிட்டது. இப்போது எதை வாங்கினாலும், பலர் இறக்கிப் பயன்படுத்திய பிறகுதான் எச்சரிக்கை நிற்கும். வன்பொருளை இயக்கும் டிரைவர் மென்பொருள் எழுதுபவர்களின் கதை வேறு. சாதாரண இன்ஸ்டாலருக்கு ஓவி போதும்.

சைன் செய்தால் எரர் வருகிறது. அவசரம், உடனே பதில் தேவை.

என்ன எரர்? எந்தக் கருவி? எந்தக் கோப்பு? மை போட்டுப் பார்த்துச் சொல்ல எனக்குத் தெரியாது. எரர் வாசகத்தை அப்படியே எழுதி அனுப்புங்கள்.

மூன்று வருடச் சான்றிதழ் போன மாதம் முடிந்தது. பழைய இன்ஸ்டாலர்கள் எல்லாம் ‘தெரியாத வெளியீட்டாளர்’ என்று காட்டுகின்றன. புதுப்பித்தால் சரியாகிவிடுமா?

ஆகாது. நீங்கள் டைம்ஸ்டாம்ப் போடவில்லை. இதை எத்தனை முறை எழுதுவது! சான்றிதழ் உயிரோடு இருந்தபோதுதான் சைன் ஆனது என்பதற்கு வெளியிலிருந்து ஒரு சாட்சி வேண்டும். அந்தச் சாட்சிதான் டைம்ஸ்டாம்ப். அது இருந்தால் சான்றிதழ் காலாவதியான பிறகும் கையெழுத்து செல்லும். சான்றிதழ் தரும் நிறுவனங்கள் இதற்கான சர்வரை இலவசமாகவே வைத்திருக்கின்றன, சைன் செய்யும் கட்டளையில் ஒரு சுவிட்ச் சேர்த்தால் போதும்.

சுவிட்ச் சேர்த்தும் ஏமாந்தவர்கள் உண்டு, நானும் அதில் ஒருவன். டைம்ஸ்டாம்ப் சர்வர் பதில் தராவிட்டால், சைன் செய்யும் மைக்ரோசாஃப்ட் கருவியான சைன்டூல் கையெழுத்தைப் போட்டுவிட்டு, வெறும் எச்சரிக்கையோடு முடித்துவிடும். இன்ஸ்டாலரைத் தானாக உருவாக்கும் என் பில்ட் ஸ்கிரிப்ட் அதை வெற்றி என்றே எடுத்துக்கொண்டது. சான்றிதழ் முடிந்த அன்றுதான் விஷயம் வெளியே வந்தது. அதனால் சைன் செய்ததும் கையெழுத்தைச் சரிபார்க்கும் வெரிஃபை கட்டளையை ஓட்டுங்கள், டைம்ஸ்டாம்ப் இல்லையென்றால் பில்டையே நிறுத்துங்கள்.

உங்களுக்கு இப்போது ஒரே வழி: புதிய சான்றிதழில் எல்லாவற்றையும் மறுபடி சைன் செய்து வெளியிடுவது. ஏற்கெனவே இறக்கி வைத்தவர்களிடம் இருக்கும் பிரதிகளை ஒன்றும் செய்ய முடியாது. 2026 மார்ச் முதல் புதிய சான்றிதழ்களுக்கு ஆயுள் ஒன்றேகால் வருடம்தான். டைம்ஸ்டாம்ப் போடாதவர்களுக்கு இந்தத் தலைவலி இனி அடிக்கடி வரும்.

எங்கள் பில்ட் சர்வர் கிளவுடில் இருக்கிறது. சான்றிதழையும் அதன் தனிச் சாவியையும் சேர்த்து வைக்கும் பிஎஃப்எக்ஸ் கோப்பாக யார் தருவார்கள்?

முறையான யாரும் தர மாட்டார்கள். 2023 ஜூன் முதல், சைன் செய்யப் பயன்படும் தனிச் சாவி யூஎஸ்பி டோக்கனிலோ எச்எஸ்எம்மிலோ (சாவியை வெளியே விடாத பாதுகாப்புக் கருவி) மட்டும்தான் இருக்க வேண்டும். உங்களுக்கு டோக்கன் ஒத்துவராது. கிளவுட் சைனிங் சேவை தரும் நிறுவனமாகப் பாருங்கள். சாவி கோப்பாக இருந்த காலத்தில் பாஸ்வேர்டோடு சேர்த்து, கோடு சேமிக்கும் கிட் (Git) களஞ்சியத்தில் ஏற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன். இந்தக் கெடுபிடி நல்லதுக்குத்தான்.

அலுவலகத்துக்குள் மட்டும் ஓடும் மென்பொருளுக்கு, நாமே தயாரித்துக்கொள்ளும் செல்ஃப் சைன்டு சான்றிதழ் போதுமா?

போதும், அலுவலகக் கணினிகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் குரூப் பாலிசி வழியாக எல்லாக் கணினிகளிலும் அதை நம்பகப் பட்டியலில் சேர்க்க முடிந்தால். டைம்ஸ்டாம்ப் இங்கும் போட வேண்டும்.

செட்டப் கோப்பை மட்டும் சைன் செய்தால் போதாதா?

போதாது. உள்ளே போகும் இஎக்ஸ்இ, டிஎல்எல் எல்லாவற்றையும் முதலில் சைன் செய்து, அப்புறம் பேக் செய்து, கடைசியில் செட்டப்பை. அன்இன்ஸ்டாலரைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இதே சான்றிதழ் மேக்குக்கும் ஆகுமா?

ஆகாது. ஆப்பிளிடமே டெவலப்பர் ஐடி சான்றிதழ் வாங்கி, நோட்டரைஸும் (மென்பொருளை ஆப்பிளுக்கு அனுப்பிச் சோதித்து ஒப்புதல் பெறுவது) செய்ய வேண்டும். டைம்ஸ்டாம்ப் இல்லாமல் அனுப்பினால் அவர்கள் அங்கேயே திருப்பிவிடுவார்கள். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு ஆப்பிளைப் பிடிக்கும்.