வாசகர் கேள்வி – பதில்: மூட்டையின் பின்னால் போங்கள்

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கிறேன். ஊரில் ஒரு பணியிடத்தைப் பார்த்து அறிக்கை எழுதச் சொன்னார்கள். நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போனேன். யாரைக் கேட்டாலும் ஒரு வரியில் பதில். அங்கே எதைப் பார்ப்பது?
– மாணவி, திருவாரூர் மாவட்டம்

பதில்: சம்பா அறுவடை நேரத்தில் போயிருப்பீர்கள். குவியல் வாசல்வரை நிற்கும்போது பட்டியல் எழுத்தரால் வகுப்பு எடுக்க முடியாது. ஆட்களைக் கேட்பதை விடுங்கள். ஒரு விவசாயியின் நெல்லைப் பிடித்துக்கொண்டு, கொட்டியதிலிருந்து லாரி ஏறும்வரை அதன் கூடவே இருங்கள். தலைமையாசிரியரின் கடிதம் ஒன்று கையில் இருக்கட்டும்.

முதலில் ஈரப்பதம். 17 சதவீதம் வரைதான் எடுப்பார்கள். மாதிரியைக் குவியலில் எங்கிருந்து அள்ளுகிறார்கள் என்று கவனியுங்கள். மேலாக அள்ளினால் காய்ந்த நெல் வரும். முழங்கைவரை கையை விட்டு எடுத்தால்தான் உள்ளே இருக்கும் ஈரம் தெரியும். ராத்திரி தார்ப்பாய் போட்டு மூடிய குவியல் காலையில் வியர்த்திருக்கும். காலை 8 மணிக்கு ஓர் எண், பகல் 2 மணிக்கு வேறோர் எண் என்று வந்தால் இரண்டையும் எழுதுங்கள். உங்கள் அறிக்கையில் உருப்படியான பக்கம் அதுதான்.

ஈரத்துக்கு ஏன் இத்தனை வம்பு? 20 சதவீத ஈரமுள்ள 40 கிலோ நெல்லில் காய்ந்த பொருள் 32 கிலோதான். 17 சதவீதத்துக்குக் காயவைத்தால் எடை 38.55 கிலோவாக இறங்கும். அதாவது மூட்டைக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ தண்ணீர். அப்படியே மூட்டைகளை அட்டியாக அடுக்கிவைத்தால் சூடேறி அரிசி பழுப்பாகும். விவசாயிக்கோ காயவைக்கக் களமும் இல்லை, வெயிலும் இல்லை. இரண்டு பக்கமும் நியாயம் உண்டு, இரண்டையும் எழுதுங்கள். மழை பிடித்துக்கொண்ட ஆண்டுகளில் மத்திய அரசு இந்த வரம்பைத் தளர்த்தியதும் உண்டு.

அடுத்து தூற்றும் இயந்திரம்: பதரும் கருக்காயும் தூசியும் போகும். பிறகு எடை. சிப்பத்துக்கு, அதாவது மூட்டைக்கு, நெல் 40 கிலோ. புதுச் சணல் சாக்கு 580 கிராம். ஆகவே தராசில் 40.580 காட்ட வேண்டும். சாக்கை வைக்கும் முன் தராசு பூஜ்யத்தில் நிற்கிறதா என்பதையும் பாருங்கள். சன்ன ரகத்துக்கு ஒரு விலை, பொது ரகத்துக்கு ஒரு விலை. பணம் வங்கிக் கணக்குக்குப் போகும். பட்டியலையும் சிட்டாவையும் மட்டும் படம் எடுக்காதீர்கள். அதில் இன்னொருவரின் கணக்கு எண் இருக்கிறது.

நேரம் கிடைத்தால் அரவை ஆலைக்கும் ஒரு நடை. அரசு நெல்லுக்கு 100 கிலோவுக்குப் பச்சரிசி என்றால் 67 கிலோ, புழுங்கல் என்றால் 68 கிலோ திருப்பித் தர வேண்டும். அவித்த நெல் அரவையில் அவ்வளவாக நொறுங்காது.

கேள்வி: கல்லணைக்குக் கூட்டிப்போனார்கள். பார்த்தோம், வந்தோம். பாசனம் புரியவில்லையே?
– மாணவர், தஞ்சாவூர்

பதில்: கல்லணையில் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நான்காகப் பிரிகிறது. அதற்குமேல் அங்கே நின்று தெரிந்துகொள்வது கடினம். உங்கள் ஊர் வாய்க்காலின் தலைப்பு மதகுக்குப் போங்கள். அங்கே அளவுகோல் பதித்திருக்கும். மதகைப் பார்த்துக்கொள்ளும் பாசன ஊழியரான லஸ்கர் அதைப் பார்த்துத்தான் ஷட்டரை ஏற்றுவார், இறக்குவார். ஒரு வாரம் தினமும் ஒரே நேரத்தில் அந்த அளவைக் குறியுங்கள். வினாடிக்கு ஒரு கன அடி என்றால் சுமார் 28 லிட்டர். ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் அவ்வளவு ஆகும். செய்தித்தாளில் மேட்டூர் கணக்கு வரும்போது இதை வைத்துப் பாருங்கள்.

கேள்வி: ஒரே நாளில் வங்கி, அஞ்சலகம், தாலுகா ஆபீஸ், ஆஸ்பத்திரி நான்கும் பார்க்கலாமா?
– ஆசிரியர், மயிலாடுதுறை

பதில்: வேண்டாம் சார். ஒரே இடத்துக்கு மூன்று முறை போகட்டும். அஞ்சலகம் என்றால் பின்கோடில் தொடங்கச் சொல்லுங்கள். தஞ்சாவூர் 613, கும்பகோணம் 612, நாகப்பட்டினம் 611, திருவாரூர் 610, உங்கள் ஊர் 609. இந்த மூன்று இலக்கம் தபால் பிரிக்கும் வட்டாரம். பின்னால் வரும் மூன்றும் அஞ்சலகம். பிள்ளைகள் வீட்டுக்கு வந்த பழைய உறைகளைக் கொண்டுவந்து, முத்திரைகளில் உள்ள ஊரையும் தேதியையும் வரிசைப்படுத்தட்டும்.