ஒல்லி போன் பைக்குச் சுகம், விரலுக்கு?

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. இருக்கிற போன் சட்டைப் பையில் செங்கல் மாதிரி தொங்குகிறதாம். ஒல்லியான பட்டன் போன் கேட்கிறார். வாங்கித் தரலாமா?
- வாசகி, அருப்புக்கோட்டை

பதில்: தாராளமாக. ஆனால் ஆன்லைனில் படத்தைப் பார்த்து ஆர்டர் போடாதீர்கள். அப்பாவையே கடைக்குக் கூட்டிப் போங்கள், விரல் அவருடையது.

சர்வீஸ் கடைக்காரன் என்ற முறையில் சொல்கிறேன், போன் ஒல்லியாக ஒல்லியாக முதலில் அடிபடுவது கீபேடுதான். பட்டன் அமுங்கி எழும்ப இடம் வேண்டாமா? 2003இல் வந்த நோக்கியா 1100 தடிமன் 20 மி.மீ., எடை 86 கிராம். குண்டுதான். ஆனால் தூசி புகாத கீபேட், வழுக்காத பக்கவாட்டு, தலையில் டார்ச். ஈரக்கையோடு எடுத்தாலும் பிடி நழுவாது.

அதற்கு நேர் எதிர், 2006இல் வந்த மோட்டோரோலாவின் மோட்டோஃபோன் எஃப்3. தடிமன் வெறும் 9 மி.மீ. காகிதத்தில் அச்சடித்தது போலத் தெரியும் இ-இங்க் திரை. உச்சி வெயிலில் இன்னும் பளிச்சென்று இருக்கும். மெனுவைக் குரலில் சொல்லும். எனக்கு ரொம்பப் பிடித்த போன். ஆனாலும் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். திரையில் வரிக்கு 6 எழுத்து, மொத்தம் இரண்டே வரி. பத்து இலக்க நம்பரே ஒரு வரியில் அடங்காது. எஸ்.எம்.எஸ். படிக்கத் தள்ளித் தள்ளிப் போக வேண்டும். தமிழ் எழுத்துக்கு வழியே இல்லை. பேங்க் ஓ.டி.பி. வருகிற காலத்தில் அதை வைத்து என்ன செய்வது?

கடையில் அப்பாவைக் கண்ணை மூடிக்கொண்டு 5ஐத் தொடச் சொல்லுங்கள். அந்தப் பட்டனில் சின்ன மேடு இருக்கும்; தடவியதும் தட்டுப்பட வேண்டும். 4, 5, 6 மூன்றையும் கட்டைவிரலால் வரிசையாக அழுத்தட்டும். இரண்டு பட்டன் சேர்ந்து அமுங்கினால் வேறு மாடல் பாருங்கள். பிறகு வாசலுக்கு வந்து வெயிலில் திரையைப் பார்க்கட்டும். ஸ்பீக்கர் பின்பக்கம் இருந்தால், மேஜையில் மல்லாக்க வைத்து ரிங் அடிக்க விடுங்கள். முதுகு தட்டையாக இருந்தால் சத்தம் அமுங்கிப் போகும். கை நடுக்கம் உள்ளவருக்கு டைப்-சி சார்ஜர் நல்லது, எப்படித் திருப்பிச் செருகினாலும் சரி.

ஜியோ சிம் என்றால் 4ஜி போன்தான். பழைய 2ஜி செட்டில் அது வேலை செய்யாது.

கேள்வி: போன் ஒல்லியானால் சார்ஜ் சீக்கிரம் இறங்குமா?
- வாசகர், மன்னார்குடி

பதில்: பேட்டரி சின்னதாகத்தான் இருக்கும். ஆனால் பட்டன் போன் குடிப்பதும் கொஞ்சம்தான். என் கவலை வேறு. பின்மூடியைக் கழற்றி, பேட்டரி மேல் உள்ள எண்ணைப் பாருங்கள். பிஎல்-5சி என்றால் எந்த பஸ் ஸ்டாண்டு கடையிலும் மாற்று கிடைக்கும். அந்த பேட்டரியே அரை சென்டிமீட்டருக்கு மேல் தடிமன், அதனால் ரொம்ப ஒல்லி செட்டுக்கு வேறு எண் போட்டிருப்பார்கள். அது உப்பிவிட்டால் மாற்றுக்கு அலைய வேண்டும். முன்கூட்டியே ஒன்று வாங்கிப் பீரோவில் வைக்கலாமே என்பீர்கள். சும்மா கிடந்தாலும் பேட்டரி கெடும், சார்.