கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து: விளையாட்டுப் படமும் லென்ஸும், கேள்வி பதில்

வந்த கேள்விகளை அப்படியே போட்டால் இடம் தாங்காது, சுருக்கியிருக்கிறேன். எனக்குத் தெரிந்தது கபடி, வாலிபால், கொஞ்சம் கிரிக்கெட், நம் கடலூர், புதுச்சேரி மைதானங்கள், அப்புறம் இந்த உப்புக் காற்றில் லென்ஸைக் காப்பாற்றுவது. ட்ரோன், கல்யாண ஆல்பம், யூடியூப் வீடியோ பற்றிக் கேட்டவர்கள் வேறு ஆளைப் பாருங்கள்.

நெல்லிக்குப்பம், கல்லூரி மாணவர்: கேனான் 1500டி, கூட வந்த 18-55 லென்ஸ். பொங்கலுக்கு ஊரில் ராத்திரி கபடி நடக்கும். எடுத்தால் எல்லாம் கலங்கலாக வருகிறது. 70-300 வாங்கலாமா?

வாங்காதீர்கள் தம்பி. உங்களுக்குக் குறைவது தூரம் இல்லை, வெளிச்சம். ஆண்கள் கபடி ஆடுகளமே 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம்தான். ஊர்ப் போட்டியில் கமிட்டிக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் கோட்டுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்காரலாம், பெரிய போட்டிகளில் பாஸ் வைத்திருக்கிற பத்திரிகைக்காரருக்கே கிடைக்காத இடம் அது. அங்கே உட்கார்ந்துகொண்டு 300 மி.மீ. வைத்தால் மூக்கு மட்டும்தான் கிடைக்கும்.

18-55ஐ 55 வரைக்கும் இழுத்தால் எஃப் 5.6 (எஃப் எண் சிறியதானால் லென்ஸின் துவாரம் பெரியது). 85 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை எஃப் 2இல் வைத்தால் அதைவிட எட்டு மடங்கு வெளிச்சம் உள்ளே வரும், அதாவது 1/80 நொடியில் எடுத்துக் கலங்கிய அதே படத்தை 1/640இல் எடுக்கலாம். நீங்கள் கேட்ட 70-300 அந்த 300இல் எஃப் 5.6, இருட்டு அதே இருட்டு, கை ஆட்டம் மட்டும் பெரிதாகத் தெரியும். கேனானின் 85 எஃப் 1.8 1992இல் வந்த லென்ஸ், பழையது தேடினால் கிடைக்கும். உங்கள் கேமராவில் செங்குத்தாகப் பிடித்தால் எட்டு மீட்டரில் நிற்கிற ஆள் தலை முதல் கால் வரை அடங்குவார். அதற்கும் காசு இல்லையென்றால் 50 எஃப் 1.8, ஆனால் இன்னும் கிட்டே உட்கார வேண்டும்.

மேனுவலில் வையுங்கள், 1/640, எஃப் 2, ஐ.எஸ்.ஓ. (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு) 3200இல் தொடங்கிப் பார்த்து ஏற்றி இறக்குங்கள். ஃபோகஸ் ஏ.ஐ. சர்வோ, ஓடுகிற ஆளைத் தொடர்ந்து ஃபோகஸ் செய்யும். 1500டியில் இருக்கிற ஒன்பது புள்ளிகளில் நடுவில் இருப்பது மட்டும்தான் இருட்டில் நம்பலாம், அதையே வைத்துக்கொண்டு பிறகு ஓரத்தை வெட்டிக்கொள்ளுங்கள். நொடிக்கு மூன்று படம்தான் ஓடும் என்பதால் பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு இருப்பதில் லாபமில்லை. ஒரு ரெய்டு அதிகபட்சம் 30 நொடி, அதில் உருப்படியான விஷயம் நடப்பது கடைசி இரண்டு நொடி, கை தொடுவதும் காலைப் பிடிப்பதும். அதற்காகக் காத்திருங்கள்.

இடம்தான் முக்கியம். பாடி வருகிறவரின் முகம் வேண்டுமென்றால் பிடிக்கிற அணிக்குப் பின்னால், மூலையில் உட்காருங்கள். நடுக்கோட்டுக்கு நேராக உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் கிடைக்கும் என்று தோன்றும், கிடைப்பது எல்லாம் காதும் தோளும். பாதி ஆட்டத்தில் அணிகள் பக்கம் மாறும்போது நீங்கள் அசையாமல் இருந்தாலே போதும், அடுத்த அணியின் பாடுகிறவர்கள் உங்களைப் பார்த்து வருவார்கள். உருண்டு மேலே வந்து விழவும் செய்வார்கள், காலை நீட்டி உட்காராதீர்கள்.

முதலியார்பேட்டை: இண்டோர் ஸ்டேடியத்தில் ஷட்டில் எடுத்தேன். தொடர்ந்து எடுத்த படங்களில் ஒன்று சரியாக, அடுத்தது இருட்டாக, அதற்கடுத்தது மஞ்சளாக. கேமரா போய்விட்டதா?

கேமராவுக்கு ஒன்றும் இல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் பழைய வகை ஸ்டேடியம் விளக்குகள் நொடிக்கு 100 தடவை ஏறி இறங்கும். கண்ணுக்குத் தெரியாது. 1/800இல் எடுக்கும்போது அந்த ஏற்ற இறக்கத்தில் ஒரு சின்னத் துண்டுதான் மாட்டும், மேலே மாட்டினால் வெளிச்சம், கீழே மாட்டினால் இருட்டு, நிறமும் மாறும். ஃபிளிக்கர் குறைப்பு என்று மெனுவில் இருந்தால் போடுங்கள். கேனானில் 2014இல் வந்த 7டி மார்க் 2இல் இருந்து பல கேமராக்களில் இருக்கிறது, விலை குறைந்தவற்றில் பெரும்பாலும் இருக்காது. இல்லையென்றால் ரா (RAW) வடிவத்தில் எடுத்துப் பிறகு சரிசெய்யலாம், அல்லது ஆட்டம் நிற்கிற நேரத்தில், சர்வீஸ் போடும் முன் முகம், புள்ளி எடுத்த பின் சத்தம், அதையெல்லாம் 1/100இல் எடுக்கலாம். மிரர்லெஸ் வைத்திருப்பவர்கள் எல்.இ.டி. விளக்கின் கீழ் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரைப் போடாதீர்கள், படம் முழுக்கப் பட்டை பட்டையாக வரும்.

பண்ருட்டி: ஸ்போர்ட்ஸுக்கு எந்த லென்ஸ் நல்லது?

எந்த விளையாட்டு, எவ்வளவு தூரத்தில் நிற்பீர்கள், பகலா ராத்திரியா, கையில் எவ்வளவு இருக்கிறது. நாலையும் எழுதி அனுப்புங்கள்.

அரியாங்குப்பம்: பழைய 70-200 எஃப் 2.8 ஒன்று விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?

பூஞ்சை, முதலில் பூஞ்சை, கடைசியிலும் பூஞ்சை. இந்தக் கடற்கரை ஓரம் பத்து வருஷம் பீரோவில் துணிக்கு நடுவில் கிடந்த லென்ஸ் வெளியே புத்தம்புதுசாகப் பளபளக்கும். இருட்டான அறையில் பின்பக்கம் டார்ச் அடித்து முன்பக்கம் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள், சிலந்தி இழை மாதிரி மெல்லிய நரம்பு ஓடியிருந்தால் எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். நாலைந்து தூசி இருந்தால் பரவாயில்லை, படத்தில் தெரியாது. எஃப் 2.8இலேயே 200இல் வைத்துத் தூரத்தில் இருக்கிற பெயர்ப் பலகையை எடுத்து, நாலு மூலையும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள், ஒரு மூலை மட்டும் மங்கினால் கீழே விழுந்த லென்ஸ். எடை ஒன்றரைக் கிலோ வரும், மோனோபாட் (ஒற்றைக் கால் தாங்கி) கூடவே வாங்கிவிடுங்கள்.

வாங்கிய பிறகு காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பத மீட்டர், 40 முதல் 50 சதவீதம். முடிந்தால் டிரை கேபினெட், ஈரத்தைக் கட்டுப்படுத்தும் அலமாரி. அரிசி போட்டு வைக்கலாமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். அரிசியைச் சோறாக்குங்கள்.

லாஸ்பேட்டை: மேலே 70-200 எஃப் 2.8 சரி என்கிறீர்கள். கிராப் பாடியில் (சென்சார் சிறிய கேமராவில்) போட்டால் அது 320 எஃப் 4.5 ஆகிவிடும். எஃப் 2.8க்குக் கொடுத்த காசு வீண்தானே?

இல்லை. எஃப் 2.8 என்பது லென்ஸின் குவிதூரத்துக்கும் துவாரத்துக்கும் உள்ள விகிதம், பின்னால் எந்த சென்சார் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. ஃபுல் ஃபிரேமில் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சாரில்) 1/1000, எஃப் 2.8, ஐ.எஸ்.ஓ. 1600 சரியாக வந்த மைதானத்தில் கிராப்பிலும் அதே எண்கள்தான் சரியாக வரும். 200 மி.மீ. 200தான், ஓரம் வெட்டப்படுவதால் 320 வைத்த மாதிரித் தெரியும்.

மறுபடி லாஸ்பேட்டை: பின்னணி மங்கலாவது எஃப் 4.5 அளவுக்குத்தான் இருக்கும், அதைச் சொல்லாமல் மழுப்புகிறீர்கள்.

மழுப்பவில்லை, நீங்கள் கேட்டது காசு வீணா என்று. ஃபுல் ஃபிரேமில் 320 வைத்து எடுக்கிற அதே படத்தைக் கிராப்பில் 200 எஃப் 2.8இல் எடுத்தால் பின்னணி எஃப் 4.5 மாதிரிதான் தெரியும், உண்மை. ஆனால் நம் ஆட்களுக்கு எஃப் 2.8 வேண்டியது பின்னணிக்காக மட்டும் இல்லை, ஷட்டர் வேகத்துக்காக. அது குறையவில்லை.

நெய்வேலி, ஃபிலிம் காலத்து ஆள்: இந்தக் கிராப் கணக்கே வியாபாரத் தந்திரம். ஃபுல் ஃபிரேமில் எடுத்து நடுவை வெட்டினால் அதே படம். எதற்குத் தனியாக ஒரு கேமரா?

ஐயா சொல்வதில் முக்கால்வாசி சரி. ஒரே இடத்தில் நின்று ஒரே 200ஐ இரண்டிலும் போட்டு, ஃபுல் ஃபிரேம் படத்தைக் கிராப் அளவுக்கு வெட்டினால் வெளிச்சம், பின்னணி, புள்ளி புள்ளியான இரைச்சல் எல்லாம் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். மீதிக் கால்வாசி பிக்சலில் இருக்கிறது. 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேமை 1.6க்கு வெட்டினால் மிச்சம் 9.4 மெகாபிக்சல். 24 மெகாபிக்சல் கிராப்பில் அந்த 24ம் ஆட்டக்காரர் மேலேயே இருக்கும். கிட்டே போக முடியாதவருக்கு அதுதான் லாபம். கிட்டே போக முடிந்தவருக்கு ஃபுல் ஃபிரேம் லாபம், இருட்டில் நிச்சயமாக.

மூன்றாவது தடவை லாஸ்பேட்டை: அப்படியானால் நான் சொன்னதுதான் சரி என்று ஆகிறது.

பாதி. காசு வீண் என்ற பாதி தப்பு. இதற்குமேல் இந்தக் கணக்கைப் பற்றி வந்த பதினொரு கேள்விகளையும் போடவில்லை, அதில் நாலு உங்களுடையது. இந்த வாக்குவாதத்தில் யாரும் இதுவரை ஒரு படம்கூடக் காட்டவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வில்லியனூர்: துத்திப்பட்டு மைதானத்தில் கிரிக்கெட். 55-250 போதுமா?

பகலில் பழகுவதற்குப் போதும், திருப்தி இருக்காது. எல்லைக்கோட்டில் இருந்து பேட்ஸ்மேன் 65 மீட்டர் என்று வையுங்கள். கேனான் கிராப்பில் படுக்கைவாட்டில் 300 மி.மீ. வைத்தால் 3.2 மீட்டர் உயரம் அடங்கும், ஆள் பாதிப் படம்தான் வருவார். 400இல் 2.4 மீட்டர், சுகமான அளவு. 600இல் 1.6 மீட்டர், மட்டையைத் தூக்கினால் வெட்டுப்படும். அதனால் சிக்மா அல்லது டாம்ரான் 150-600, எஃப் 5 முதல் 6.3, எடை 2 கிலோ பக்கம், வெயில் இருக்கிற வரைக்கும் அருமை, சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் மூட்டை கட்டிவிடலாம். இங்கே மட்டும்தான் நான் நீளத்துக்குக் காசு போடச் சொல்வேன், ஏனென்றால் கிரிக்கெட்டில் கோட்டைத் தாண்டி உள்ளே போக வழியில்லை.

கடலூர் முதுநகர்: 2 எக்ஸ் கன்வெர்ட்டர் போட்டு 250ஐ 500 ஆக்கலாமா?

வேண்டாம். பொருந்தாது. பொருந்துகிற லென்ஸிலும் இரண்டு ஸ்டாப் போய்விடும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி), எஃப் 5.6 எஃப் 11 ஆகும்.

திண்டிவனம்: ஸ்போர்ட்ஸ் லென்ஸ் சஜஸ்ட் பண்ணுங்க.

பண்ருட்டிக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

புதுச்சேரி, ஓய்வுபெற்ற ஆசிரியை: எங்கள் தெருப்பக்கம் சாயங்காலம் பெத்தாங் ஆடுகிறார்கள். அதை எடுத்துப் பழகலாமா, அல்லது அதெல்லாம் விளையாட்டுப் படத்தில் சேர்த்தி இல்லையா?

தாராளமாகச் சேர்த்தி மேடம், இன்றைக்கு வந்ததில் எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன, இரும்புக் குண்டை மரக்குண்டுக்குப் பக்கத்தில் எறிகிற ஆட்டம், ஆடுகிறவர்கள் நம்மை விரட்டுவதும் இல்லை. சின்ன மரக்குண்டு, எறிகிறவர் நிற்கிற வட்டத்தில் இருந்து 6 முதல் 10 மீட்டரில் கிடக்கும், ஆகவே கைவசம் உள்ள 18-55 அல்லது 50 போதும். மரக்குண்டுக்குப் பின்னால், ஆனால் எறிகிற வழிக்கு நன்றாக விலகி, தாழ உட்காருங்கள். ஒரு இரும்புக் குண்டு 650 முதல் 800 கிராம் வரை இருக்கும், லென்ஸ் தாங்காது, நெற்றியும் தாங்காது. குண்டு கையை விட்டுப் போகிற கணத்துக்கு 1/500 வேண்டும், எதிராளியின் குண்டை அடித்துத் தெறிக்க வைக்கிற கணத்துக்கு 1/1600ஆவது வேண்டும். பளபளப்பான குண்டில் வெயில் பட்டு வெள்ளையாக எரிந்துவிடும், வெளிச்சத்தை அரை ஸ்டாப் குறைத்து வையுங்கள். எறிந்த பிறகு எல்லோரும் குனிந்து யாருடையது பக்கம் என்று அளந்து சண்டை போடுவார்களே, எறிவதைவிட அது நல்ல படம். கேமராவை இறக்கிவிடாதீர்கள்.

காலாப்பட்டு: செரினிட்டி பீச்சில் அலைச்சறுக்கு எடுக்கிறேன். காலை ஆறரைக்குப் போனால் ஆள் எல்லாம் கறுப்பாக நிழலாக வருகிறது.

நம் கடல் கிழக்கே. காலையில் சூரியன் ஆட்டக்காரருக்குப் பின்னால், உங்கள் முகத்துக்கு நேராக. கறுப்பு உருவம்தான் வேண்டுமென்றால் அந்த நேரம் சரி, முகம் வேண்டுமென்றால் மூன்று மணிக்கு மேல் போங்கள், வெயில் உங்கள் முதுகில் இருக்கும். தேவனாம்பட்டினத்தில் பீச் வாலிபால் எடுக்கிறவர்களுக்கும் இதேதான். மணலில் லென்ஸ் கழற்றி மாற்றாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் லேசாக ஈரத்துணி வைத்து உப்பைத் துடைத்து, காய்ந்த துணியால் இன்னொரு தடவை துடைத்து, அப்புறம் டப்பா, சிலிக்கா ஜெல். பூஞ்சை பற்றித் திரும்பச் சொல்கிறேன் என்று அலுத்துக்கொள்பவர்கள் கார்த்திகை மழை முடிந்ததும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

குறிஞ்சிப்பாடி, ஒரு அம்மா: மகள் பள்ளி வாலிபால் அணியில். மற்றப் பிள்ளைகளும் படத்தில் வருவார்கள், போடலாமா?

எடுப்பதற்கு முன் பயிற்சியாளரிடம் கேளுங்கள். மற்றப் பிள்ளைகளின் வீட்டார் சம்மதிக்காமல் எங்கேயும் போடாதீர்கள், அணியின் குழுவில் மட்டும் அனுப்பிவிட்டால் போதும். நெட்டுக்குச் சற்று வெளியே, நடுவரின் எதிர்ப்பக்கம் நின்றால் ஸ்மாஷ் அடிக்கும் கையும் முகமும் சேர்ந்து வரும், 85 அங்கேயும் நல்லது.

சேத்தியாத்தோப்பு: வாங்க வசதி இல்லை. வாடகைக்கு எடுப்பது எப்படி?

கல்யாணப் படக்காரர்களிடம் கேளுங்கள், 70-200 எஃப் 2.8 அவர்களிடம் இருக்கும். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாமல் சும்மா கிடக்கும், பேரம் பேசலாம். அடையாள அட்டையும் முன்பணமும் கேட்பார்கள், எடுக்கும்போதே அவர் முன்னால் டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள், இல்லையென்றால் பழைய குறையையும் பிறகு உங்கள் தலையில் கட்டுவார்கள். பொங்கல் கபடிக்கு வேண்டுமென்றால் மார்கழியிலேயே சொல்லி வையுங்கள், தை பிறந்து முகூர்த்தம் தொடங்கிவிட்டால் ஒருவரும் தரமாட்டார்கள்.