க்வின்வோர் எவன்ஸ் உண்ணாவிரதம் இருந்துதான் டிவி சேனல் வாங்கினாரா?

கேள்வி இது: "வேல்ஸ் அரசியல்வாதி, எழுத்தாளர் க்வின்ஃபோர் எவன்ஸ் சாகும்வரை உண்ணாவிரதம் இருந்து தன் மொழிக்கு ஒரு டிவி சேனல் வாங்கினாராமே, உண்மையா?"

இல்லை. மனிதர் ஒருவேளைச் சாப்பாட்டைக்கூட விடவில்லை. இன்ன தேதியில் ஆரம்பிப்பேன் என்றார், அந்தத் தேதி வருவதற்குள் அரசாங்கம் இறங்கி வந்துவிட்டது. அப்புறம் பெயரில் ஃ வேண்டாம். வேல்ஸின் மொழியான வெல்ஷில் ஒற்றை எஃப் 'வ' மாதிரி ஒலிக்கும். க்வின்வோர்.

இதைச் சொல்ல நீ யார் என்று கேட்பீர்கள். நான் சரித்திரம் படித்தவன் அல்ல. வேல்ஸில் கார்மார்தன் பக்கம் ஒரு கேர் ஹோமில் நாலு வருடமாக நைட் ஷிஃப்ட் பார்ப்பவன். கேட்டவர் ஏதோ ரீல்ஸ் பார்த்துவிட்டுக் கேட்கிறார் என்று நினைக்கிறேன், தப்பில்லை. எனக்கு இந்தப் பெயரை ஒரு மனிதர் தினமும் ராத்திரி இரண்டு மணிக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அதனால்தான் எழுதுகிறேன்.

வந்த புதிதில் எனக்குத் தெரிந்த வெல்ஷ் 'போரே டா' மட்டும். காலை வணக்கம். எண்பத்தைந்து வயதுப் பெரியவரைப் பார்த்து 'டா' போட நாக்கு கூசியது. 'டா' என்றால் நல்ல என்று அர்த்தமாம், இருந்தாலும் முதல் ஒரு மாதம் முணுமுணுத்துத்தான் சொன்னேன். பதினொன்றாம் அறையில் இருந்த அந்தப் பெரியவர் விவசாயி, மாடு வைத்திருந்தவர். மறதி நோய் முற்றியதில் பள்ளிக்கூடத்தில் கற்ற ஆங்கிலம் அவரைவிட்டுப் போய்விட்டது. வெல்ஷ் மட்டும் பாக்கி. நடுராத்திரி எழுந்து உட்கார்ந்து ஒரே கேள்வியைக் கேட்பார். எனக்குப் புரியாது. தண்ணீர் கொடுப்பேன், போர்வையைச் சரிசெய்வேன், பாத்ரூமைக் காட்டுவேன். கோபம்தான் வரும் அவருக்கு. ஒருநாள் கூட வேலை பார்க்கும் உள்ளூர் அக்கா கேட்டுவிட்டுச் சிரித்தார். "எண்ணி முடிச்சாங்களான்னு கேட்கிறார்."

ஓட்டு எண்ணிக்கை. 1974 பிப்ரவரி 28 தேர்தல். கார்மார்தன் தொகுதியில் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்து, கடைசியில் க்வின்வோர் எவன்ஸ் 3 ஓட்டில் தோற்றார். மூவாயிரம் இல்லை, மூன்று.

பெரியவரின் மகள் பிறகு சொன்ன கதை: அன்றைக்குச் சாயங்காலம் பசு கன்று ஈன முடியாமல் திணறியிருக்கிறது. அப்பா, சித்தப்பா, பண்ணை வேலையாள் மூன்று பேரும் கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா மட்டும் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார். கன்று பிழைத்தது. மறுநாள் முடிவு வந்ததும் சித்தப்பா, "நாம மூணு பேரும் போயிருந்தாலும் சமம்தான், சீட்டுக் குலுக்கியிருப்பாங்க" என்று சமாதானம் சொன்னாராம். அப்பாவுக்கு அது ஆறவே இல்லை. (இந்த வட்டாரத்தில் வயதான யாரைக் கேட்டாலும் அந்த 3 ஓட்டில் தனக்கு ஒரு பங்கு இருக்கும். முந்நூறு பேராவது தேறுவார்கள். எங்கள் பெரியவர் கதையும் அப்படி ஒன்றாக இருக்கலாம், யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.)

ஒரு எம்.பி. சீட்டுக்காக ஐம்பது வருடம் கழித்தும் ஒருவர் தூக்கம் கெட்டு எழுகிறார் என்றால் அந்த ஆள் யார் என்று பார்க்கத் தோன்றாதா? மகள்தான் புத்தகங்கள் கொடுத்தார்.

1912-இல் பாரி என்ற துறைமுக ஊரில் பிறந்தவர், அப்பா கடை முதலாளி. வளர்ந்தது ஆங்கிலத்தில். வெல்ஷ் சரளமானது பதின்ம வயதின் கடைசியில்தான். எனக்குப் பிடித்த விஷயமே இதுதான். அபரிஸ்ட்வித்திலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் சட்டம் படித்துவிட்டு, லாங்காடோக் கிராமத்தில் கண்ணாடிக் கூடாரம் போட்டுத் தக்காளி வளர்த்தார். இரண்டாம் உலகப் போரில் துப்பாக்கி தூக்க மாட்டேன் என்று மறுத்தார். காந்தியைப் படித்தவர், கடைசிவரை அகிம்சைக்காரர். 1945-இல் வேல்ஸ் தேசியக் கட்சியான பிளைட் கம்ரிக்குத் தலைவரானவர் 1981 வரை தலைவர். அதில் பெரும்பாலும் தோல்விதான். லிவர்பூல் நகரத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்று ட்ரிவேரின் பள்ளத்தாக்கில் காப்பெல் கெலின் என்ற கிராமத்தை மூழ்கடித்தார்கள். வேல்ஸ் எம்.பி.க்களில் மிகப் பெரும்பாலோர் எதிர்த்தும் நாடாளுமன்றம் சட்டத்தை நிறைவேற்றியது. 1956-இல் ஊர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு லிவர்பூல் தெருக்களில் ஊர்வலம் போனார். மாநகராட்சிக் கூட்டத்தில் பேச எழுந்தபோது கூச்சல் போட்டு உட்காரவைத்தார்கள். 1965-இல் அணை திறந்தாயிற்று. இன்னொரு தோல்வி.

1966 மார்ச் பொதுத்தேர்தலில் கார்மார்தனில் மூன்றாம் இடம். ஜெயித்த மேகன் லாயிட் ஜார்ஜ் (முன்னாள் பிரதமரின் மகள்) மே மாதம் இறந்துபோக, ஜூலை 14 இடைத்தேர்தலில் இவர் 2,436 ஓட்டில் ஜெயித்தார். அவர் கட்சியின் முதல் எம்.பி. வெல்ஷில் உறுதிமொழி எடுக்கிறேன் என்று கேட்டார், முடியாது என்றுவிட்டார்கள். 1970-இல் மறுபடி தோல்வி. அந்தச் சும்மா இருந்த காலத்தில் 'அரோஸ் மாய்' என்று வேல்ஸ் சரித்திரத்தை வெல்ஷிலேயே ஒரு தடிமனான புத்தகமாக எழுதி 1971-இல் வெளியிட்டார். 'இன்னும் இருக்கிறது' என்று வைத்துக்கொள்ளலாம். எழுத்தாளர் என்று சொல்வது இந்த மாதிரி புத்தகங்களுக்காக. நான் ஆங்கிலத்தில்தான் படித்தேன், கொஞ்சம் மேடைப்பேச்சு வாடை உண்டு, பொய் சொல்வானேன்.

இப்போது டிவி. பிரிட்டனில் நாலாவது டிவி சேனல் வரும்போது வேல்ஸில் அதை வெல்ஷுக்குத் தருவோம் என்று 1979 தேர்தலில் கன்சர்வேட்டிவ் கட்சி எழுதியே கொடுத்தது. ஜெயித்த சில மாதத்தில் உள்துறை அமைச்சர் வில்லியம் வைட்லா அதைக் கைவிட்டார். அதே வருடம் வேல்ஸுக்குச் சட்டமன்றம் வேண்டுமா என்ற வாக்கெடுப்பில் நாலுக்கு ஒன்று என்று வேண்டாம் சொல்லியிருந்தார்கள், இடையில் திரும்பக் கிடைத்திருந்த சீட்டையும் இவர் இழந்திருந்தார். ஆளும் இல்லை, பதவியும் இல்லை. ஆயிரக்கணக்கானோர் டிவி லைசென்ஸ் கட்ட மாட்டோம் என்றார்கள். 1980 மே மாதம் இவர் சொன்னார்: அக்டோபர் 6 முதல் சாப்பிட மாட்டேன். வயது 67. செப்டம்பர் 17 அன்று அரசு வாக்கைக் காப்பாற்ற ஒப்புக்கொண்டது. 1982 நவம்பர் 1-இல் எஸ்-ஃபோர்-சி என்ற அந்த வெல்ஷ் சேனல் ஆரம்பித்தது.

மிரட்டல்தானே என்பவர்களுக்கு: ஆமாம், மிரட்டல்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மிரட்டலை ஏன் நம்பினார்கள் என்று பாருங்கள். முப்பத்தைந்து வருடம் தோற்றும் பேச்சு மாற்றாத ஆள் சொன்ன தேதி அது. தேதி என்றதும் எனக்கு எங்கள் ஏஜென்ட் ஞாபகம் வருகிறது. ஆறு வாரத்தில் விசா, குடும்பத்தையும் கூட்டிப் போகலாம் என்றார். பதினோரு மாதம் ஆயிற்று. வீட்டு நகை அடகில். போன் போட்டால் "சார் மீட்டிங்ல இருக்கார்." சரி, அது வேறு கதை.

லண்டனில் இருக்கும் என் மைத்துனர், என் மகள் வெல்ஷ் வழிப் பள்ளியில் படிப்பதைக் கேட்டு, "செத்த மொழியைப் படிச்சு எவ்வளவு மாப்ள சம்பளம் வரும்?" என்றார். 2021 கணக்கெடுப்பில் சுமார் 5,38,000 பேர் பேசினார்கள், பத்து வருடத்துக்கு முன் இருந்ததைவிடக் குறைவு. ஒரு சேனல் எல்லாவற்றையும் காப்பாற்றிவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பதினொன்றாம் அறையில் அந்தச் சேனல் ஓடினால் பெரியவர் சாந்தமாக இருப்பார். தெரியாமல் யாராவது ஆங்கில வினாடி வினாவுக்கு மாற்றினால் ரிமோட் பறக்கும்.

முதலில் நான் அவருக்கு 'இன்னும் எண்ணுகிறார்கள்' என்றே பதில் சொல்லிவந்தேன். எதிர்த்துப் பேசக்கூடாது என்பதுதான் எங்களுக்குக் கொடுத்த பயிற்சி. உள்ளூர் அக்காதான் யோசனை சொன்னார்: அதே வருடம் அக்டோபரில் இன்னொரு தேர்தல் வந்ததே, அதில் ஜெயித்தாரே, அதைச் சொல்லு, பொய்யும் ஆகாது. இரண்டே வார்த்தை மனப்பாடம் செய்தேன். 'எனில்லொத் க்வின்வோர்.' க்வின்வோர் ஜெயித்துவிட்டார்.

அந்த 'ல்ல' எனக்குச் சரியாக வராது. பெரியவர் திருத்துவார், நான் திரும்பச் சொல்வேன், எத்தனை ஓட்டில் என்பார், மூவாயிரத்துக்கு மேல் என்று விரல் காட்டுவேன், படுத்துக்கொள்வார். மறுநாள் இரண்டு மணிக்கு மறுபடி எழுந்து உட்கார்வார்.