மகன் விமான கம்பெனி தொடங்கப் போகிறானாம்

அன்புள்ள ஐயா,

பிளஸ் டூ முடித்த மகன் 'கேப்டன் கோபிநாத் மாதிரி ஏர்லைன்ஸ் ஆரம்பிப்பேன்' என்று ஒற்றைக்காலில் நிற்கிறான், தனியார் நிறுவனம் ஒன்றில் ஏவியேஷன் மேனேஜ்மென்ட் சேர லட்சக்கணக்கில் பணம் கேட்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆசையைக் கண்டு பயப்படாதீர்கள். பணத்தை மட்டும் இப்போது கட்டாதீர்கள்.

ஏர் டெக்கான் என்ற மலிவுக்கட்டண விமான கம்பெனியைத் தொடங்கிய கோபிநாத் அப்படி ஒரு படிப்பும் படித்தவரல்ல. விமானம் ஓட்டியவரும் அல்ல. 'கேப்டன்' என்பது ராணுவப் பதவி. ஹாசன் மாவட்டம் கோரூரைச் சேர்ந்தவர், 1951இல் பிறந்தவர். 1971 போரைப் பார்த்துவிட்டு, முப்பது வயதுக்கு முன்பே ராணுவத்தை விட்டார். ஹேமாவதி அணையில் குடும்ப நிலம் மூழ்கியதால் மாற்றாகக் கிடைத்த தரிசில் கூடாரம் போட்டுத் தங்கி விவசாயம் செய்தார். பட்டுப்புழு வளர்த்தார், புல்லட் டீலர்ஷிப் எடுத்தார், டிபன் கடையும் வைத்தார். 1997இல் ராணுவ நண்பரான ஹெலிகாப்டர் பைலட்டோடு சேர்ந்து வாடகை ஹெலிகாப்டர் கம்பெனி. ஏர் டெக்கான் பறந்தது 2003இல்; அப்போது வயது 51. அவர் கதையை வைத்து வந்த 'சூரரைப் போற்று' சினிமாவில் சில நிமிடங்களில் ஓடிவிடும் இந்த இருபது சொச்சம் வருடங்களை உங்கள் மகன் கவனித்தானா என்று கேளுங்கள்.

பெங்களூரிலிருந்து ஹூப்ளி மாதிரி சின்ன ஊர்களுக்கு அவர் ஏடிஆர் என்ற, காற்றாடி சுழலும் டர்போபிராப் விமானங்களை விட்டார். குட்டையான ஓடுபாதையிலும் இறங்கும், ஜெட்டைவிட எரிபொருள் கம்மி. இலவசச் சாப்பாடு இல்லை, பெட்ரோல் பங்கிலும் டிக்கெட் கிடைத்தது. இதெல்லாம் கணக்குத் தெரிந்தவனின் வேலை. அப்படியும் நஷ்டம் தாங்காமல் ஏர் டெக்கான் 2007இல் கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸுக்குக் கை மாறியது. பிறகு தொடங்கிய சரக்கு விமான கம்பெனியும் நிலைக்கவில்லை. இந்தப் பாதியையும் பையன் தெரிந்துகொள்ளட்டும்.

சரி, இப்போது என்ன படிக்கலாம்? கையில் ஒரு லைசென்ஸோ பட்டமோ இருக்கட்டும். இயந்திரத்தில் ஆர்வமென்றால், டிஜிசிஏ (மத்திய அரசின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் விமானப் பராமரிப்புப் பொறியியல். அங்கீகாரம் உண்டா என்பதை டிஜிசிஏ இணையதளத்தில் நீங்களே பாருங்கள். கல்லூரி விளம்பரத்தை நம்பாதீர்கள். கம்பெனி நடத்துவதில்தான் ஆர்வமென்றால் பி.காமோடு சி.ஏ. என் ஓட்டு இதற்குத்தான். விமானத்தின் குத்தகை வாடகையும் எரிபொருள் செலவும்தான் ஏர்லைன்ஸ்களைச் சாய்க்கின்றன. அந்தக் கணக்கைப் படிக்கத் தெரிந்தவனுக்கு எந்தத் தொழிலிலும் வேலை உண்டு.

பைலட் ஆகியே தீருவேன் என்றால், 200 மணி நேரம் பறக்க வேண்டும், செலவு வீட்டை அடமானம் வைக்கும் அளவுக்குப் போகும். அதனால் ஃபீஸ் கட்டுவதற்கு முன்பே டிஜிசிஏ மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். நிறக்குருடு இருப்பது பலருக்கு அங்கேதான் தெரியவருகிறது. உத்தரப் பிரதேசத்தில் ரேபரேலிக்கு அருகில் மத்திய அரசின் பைலட் பயிற்சி அகாடமி இருக்கிறது, நுழைவுத்தேர்வு எழுதலாம்.

மேனேஜ்மென்ட் படிப்பு எங்கேயும் ஓடிப்போகாது. பட்டம் முடித்து, ஏதாவது ஒரு விமான நிலையத்தில் இரண்டு வருடம் இரவு ஷிப்ட் பார்த்த பிறகும் ஆசை இருந்தால், அப்போது எம்.பி.ஏ. பற்றிப் பேசலாம்.