ஏற்காட்டில் கைது செய்யப்பட்டவரைப் போலீஸ் எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம்?

அதிகபட்சம் 24 மணி நேரம். அதற்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். அரசியலமைப்பின் 22-வது பிரிவும், 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 58-வது பிரிவும் இதைத்தான் சொல்கின்றன. மலையிலிருந்து சேலம் கோர்ட்டுக்கு இறங்கி வரும் பயண நேரம் மட்டும் இந்தக் கணக்கில் சேராது. அதையே சாக்காக வைத்து நாளைக் கடத்த முடியாது. கொண்டை ஊசி வளைவுகள் எத்தனை இருந்தாலும் அது ஒரு மணி நேரச் சமாச்சாரம்தான்.

ஏன் இப்படி? கைது செய்தவரே அது சரியா என்று முடிவு செய்யக்கூடாது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளி வாங்குபவர், விற்றவரின் தராசை மட்டும் நம்பாமல் வெளியே ஒரு எடை போட்டுப் பார்ப்பார் இல்லையா, அதுபோல. காவலில் அடி விழுந்ததா என்று மாஜிஸ்திரேட் நேரில் பார்த்துக் கேட்பதும் அப்போதுதான். என்னைப் பொறுத்தவரை இந்த விதியின் உயிரே அங்கேதான் இருக்கிறது. குண்டர் சட்டம் போல, குற்றம் நடக்காமல் தடுக்க முன்கூட்டியே அடைத்து வைக்கும் தடுப்புக் காவலுக்கு விதி வேறு.

அப்புறம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிடித்தால் திங்கள் வரை உள்ளே வைக்கலாம் என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு, விடுமுறை நாளிலும், தேவைப்பட்டால் மாஜிஸ்திரேட்டின் வீட்டுக்கே கொண்டுபோய், ஆஜர்படுத்த வேண்டும்.